பற்றரிக் காணி புனிதமடைந்த வரலாறு

மண்ணைச் சுத்தப்படுத்துவது மனிதகுலத்தின் மகத்தான கடமைகளில் ஒன்று. அந்தக் கடமையை மண்ணில் கைபடாமலே நிறைவேற்றுவது அதைவிட மகத்தானது. இந்த இரண்டாவது மகத்துவத்தை உலகுக்குக் காட்டிய பெருமை, கொழும்பு மருதானையில் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கும் மாசுற்ற காணிகள் மீட்பு அதிகாரசபையையே சாரும். குறிப்பாக, அதன் பிரதிப் பணிப்பாளர் யோகநாதனைச் சாரும்.

யோகநாதன் வெள்ளவத்தைக்காரர். பத்தொன்பது வருட சேவையில் ஓர் அலுவலகக் கோவையைக்கூடத் தொலைத்ததில்லை. ஒரு கோவையைக்கூட முடித்ததுமில்லை. கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. லஞ்சம் வாங்கமாட்டார். பக்கத்து மேசையில் யாராவது வாங்கினால், நாகரிகம் கருதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சுற்றறிக்கை என்ன சொல்கிறதோ அதைச் செய்வார், அது சொல்லாததைச் செய்யவே மாட்டார். இப்படிப்பட்ட உத்தியோகத்தர்களால்தான் இந்த நாடு இருக்கிற இடத்திலேயே அசையாமல் இருக்கிறது.

அவருடைய மேசைக்கு அந்த வருடம் வந்து சேர்ந்தது முகத்துவாரம் பற்றரிக் காணி. பத்துப் பேர்ச், ஒரு வீடு கட்டும் அளவு. யாரோ ஒரு முதலாளி இருபது வருடம் அங்கே பழைய பற்றரிகளை உருக்கி ஈயம் எடுத்தார். பிறகு ஒருநாள் கம்பனியையும் காணோம், முதலாளியையும் காணோம். துருப்பிடித்த கேற்றும், தார்போலக் கறுத்த மண்ணும் மட்டும் மிஞ்சின.

காணியின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் மரியகொறற்றியின் குசினி. மழை பெய்தால் மதிலுக்கு அடியால் கறுப்புத் தண்ணீர் வந்து அடுப்படியில் நிற்கும். புருஷன் கிளெமென்ற் துறைமுகத்தில் கூலி. மகள் நிலூஷாவுக்கு எட்டு வயது. அவளுடைய இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாகவும், அந்த மண்ணை அங்கிருந்து எடுக்கும்வரை எத்தனை மருந்து கொடுத்தும் பிரயோசனம் இல்லை என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மரியகொறற்றி பதினொரு மனுப் போட்டாள். பத்துக்குப் பதில் வரவில்லை; ஒருமுறை மட்டும் ஒரு ஜீப் வந்து, கேற்றோடு திரும்பிப் போனது. பதினோராவது மனுப் போன நேரத்தில் அரசாங்கம் 'தூய பூமி நிதியம்' என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தது. நிதியத்தில் பணம் இருந்தது, செலவழிக்கக் காணி இல்லை. ஆகவே பதில் வந்தது.

பதில் ஒரே வரிதான்: வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரிகள் மண் மாதிரி எடுக்க வருவார்கள். மண்ணில் மாசு இருப்பதாக நிரூபணமானால் நிதி தரப்படும்.

அந்தக் கடிதத்தைக் கண்டதும் முகத்துவாரம் சனம் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்ச் சனமும் செய்திருக்காது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டுவார்கள், கழுவுவார்கள், பிறகு வெள்ளை மணல் போடுவார்கள். மாதா கோயில் திருநாளுக்குப் பவனி வரும் பாதையெல்லாம் அப்படித்தான் வெள்ளையாக இருக்கும். அந்த வருடத் திருநாளுக்கென்று கோயில் வளவில் ஆறு லொறி மணல் இறக்கிக் கிடந்தது. மரியகொறற்றி போய்ப் பங்குச் சுவாமியிடம் கேட்டாள். பிள்ளையின் நிலைமை தெரிந்த சுவாமி, மாதா மணல் இல்லாமலும் பவனி வருவா என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளாக முழு ஒழுங்கைச் சனமும் சேர்ந்து சுமந்தது. பற்றரிக் காணி முழுவதும் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை மணல் பரப்பி, ஓலைத்தோரணம் கட்டி, நடுவில் நாலு கதிரை போட்டு, கதிரைகளுக்கு வெள்ளைத் துணியும் விரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை யோகநாதன் ஜீப்பை விட்டு இறங்கியபோது, தவறான விலாசத்துக்கு வந்துவிட்டோமோ என்று தடுமாறிப்போனார். இவ்வளவு சுத்தமான அசுத்தத்தை அவர் தம் சேவைக்காலத்தில் கண்டதில்லை. மரியகொறற்றி பெருமையோடு விளக்கினாள்.

"போன தடவ வந்தவங்க ஜீப்புக் கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டு அப்படியே போயிட்டாங்க சேர். அதான் இந்த முற நீங்க எறங்கி நடக்கிற மாதிரி செஞ்சு வச்சோம்."

மண் பரிசோதகர் நிஸாம் குழாயை இறக்கினார். சுற்றறிக்கைப்படி ஐந்து இடங்களில், ஒவ்வொன்றும் ஆறு அங்குல ஆழம். ஐந்து தடவையும் குழாய் வெள்ளையாகவே வெளியே வந்தது. நிஸாம் யோகநாதனை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சேர், இது கொண்டாந்து போட்ட மணல். இன்னும் நாலு அங்குலம் எறக்கினா கீழ உள்ளது வந்துரும். எறக்கவா?"

யோகநாதன் ஆழமாகச் சிந்தித்தார். அவர் சிந்தித்த ஆழமும் ஆறு அங்குலம்தான். நாலு அங்குலம் கூடுதலாகத் தோண்டினால், ஏன் தோண்டினீர்கள் என்று கணக்காய்வு கேட்கும். தோண்டாவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதற்கிடையில் கிளெமென்ற் வெள்ளைத்துணிக் கதிரையைக் காட்டி, பிளேன்ரீயும் பற்றீசும் கொண்டுவந்து நீட்டிவிட்டான். இவ்வளவு மரியாதையாக உபசரிக்கும் சனத்தின் காணியில் சட்டவிரோதமாக நாலு அங்குலம் தோண்ட யோகநாதனுக்கு மனம் வரவில்லை.

மூன்று கிழமையில் அறிக்கை வந்தது. பற்றரிக் காணி, கொழும்பு மாவட்டத்திலேயே மிகவும் 'சுத்தமான' காணி. ஈயம் இல்லை. குழந்தைகள் விளையாட உகந்தது. யோகநாதன் கையெழுத்திட்டார். நிதி மறுக்கப்பட்டது.

மரியகொறற்றி மூன்று மாடியும் ஏறி வந்தாள். ஒரு கையில் நிலூஷாவின் இரத்த அறிக்கை, மறுகையில் சொப்பிங் பையில் கறுப்பு மண். அடுப்படியில் அள்ளியது. பையை மேசையில் வைத்து, இதைச் சோதிக்கச் சொன்னாள்.

பொதுமக்கள் கொண்டுவரும் மண்ணை மாதிரியாக ஏற்க முடியாதென்று யோகநாதன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அன்பளிப்பாக ஏற்கலாம், ஆனால் அதற்குத் தனிப் பதிவேடு வேண்டும், அது இன்னும் அச்சாகவில்லை. மேலும் இந்த மண்ணில் ஈயம் இருக்குமானால், நச்சுப் பொருளை அனுமதியின்றி பஸ்ஸில் கொண்டுவந்த குற்றம் அவள்மேல் வரும். இல்லாவிட்டால் முறைப்பாட்டுக்கே இடமில்லை. இரண்டு வழியிலும் அவளைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார்.

"அப்ப நாங்க கூட்டாம, அசிங்கமாவே போட்டு வச்சிருந்தா சல்லி தந்திருப்பீங்களா சேர்?"

"ஓம் தங்கச்சி. அப்பிடித்தான் சட்டம் சொல்லுது."

அவள் அழவில்லை. இரத்த அறிக்கையை மட்டும் மேசையில் விட்டுவிட்டு, மண்ணை எடுத்துக்கொண்டு போனாள். யோகநாதன் அந்தத் தாளை வாசித்தார். நெஞ்சு கனத்தது. உண்மையாகவே கனத்தது. அவருடைய மகள் ஹம்சிகாவுக்கும் எட்டு வயதுதான். உடனே ஒரு தாளை எடுத்து, 'மேலும் ஆழமாக மாதிரி எடுக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார். அதற்கு அடுத்த வரியில், முதல் மாதிரி ஏன் பிழை என்று எழுதவேண்டும். முதல் அறிக்கையில் இருந்தது அவருடைய கையெழுத்து. பேனாவை மூடினார். தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். மனச்சாட்சியை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் உத்தியோகத்தர்கள் இந்தக் காலத்தில் அபூர்வம்.

மார்கழி பிறந்தது. அத்தோடு ஒரு பெருந்துயரமும் பிறந்தது. வருட முடிவுக்குள் செலவழியாத நிதி திறைசேரிக்குத் திரும்பிவிடும். அடுத்த வருடம் ஒதுக்கீடு குறையும், புது வாகனம் கிடையாது. அவசரக் கூட்டம் கூடியது. அதிகாரசபையின் கைவசம் இருந்ததோ ஒரே காணி, அதுவும் சுத்தமான காணி. சுத்தமான காணியை எப்படிச் சுத்தப்படுத்துவது என்று தலைவர் தலையில் கைவைத்தார். ஒரு உறுப்பினர், அதை முதலில் கொஞ்சம் அசுத்தப்படுத்த நிதி கேட்டால் என்ன என்றார். இன்னொருவர் அதற்கு வேறு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார். இரண்டு மணி நேரம் கேக்கும் தேநீரும் ஓடின.

கடைசியில் யோகநாதன் எழுந்தார். மேதைகள் எழும்போது எழும் அதே தயக்கம்தான்.

"காணியிலை, நில அளவைப் படத்திலை இல்லாத ஒரு பொருள் இருக்கு. ஆறு லொறி மணல். அனுமதி இல்லாமல் கொட்டினது. அதை அகற்றலாம். அகற்றிறதும் சுத்திகரிப்புத்தானே."

சபை கைதட்டியது. அகற்றுதலுக்கு நிதி ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. இரண்டாம் கட்டமாக, சுத்திகரிக்கப்பட்ட காணியில் சிறுவர் பூங்கா அமைப்பதென்றும் முடிவாயிற்று. அதற்குத் தேவையான சான்றிதழ் ஏற்கெனவே தயாராக இருந்தது. குழந்தைகள் விளையாட உகந்தது.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஒப்பந்தக்காரரின் இயந்திரம் வெள்ளை மணலைச் சுரண்டிச் சுரண்டி லொறியில் ஏற்றியது. மரியகொறற்றி மதிலருகே நின்று, திருநாள் மணல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி லொறியும் போனபோது காணி பழைய கறுப்பு நிறத்துக்கு, அதாவது 'இயற்கை நிலைக்கு', மீண்டிருந்தது. இலங்கையின் வரலாற்றில் பொதுமக்கள் பணத்தில் அழுக்கு வெளியே எடுக்கப்பட்ட முதற்காணி இதுவே என்று தலைவர் பத்திரிகைகளுக்குச் சொன்னார்.

பூங்காவின் திறப்புவிழா அன்று மழை தூறியது. தலைவர் காணிக்குள் இறங்கவில்லை. வீதியோரம் கம்பளம் விரித்து, அங்கேயே நினைவுக்கல்லைத் திரைநீக்கினார். ஆனால் வேலை முடிந்ததென்று சான்று எழுத, யாராவது ஒருவர் காணியின் நாலு மூலைக்கும் நடந்து பார்க்கவேண்டும். அந்தத் தியாகம் யோகநாதன் தலையில் விழுந்தது. சப்பாத்துப் புதைய நடந்தார். பின்மதிலுக்கு அடியால் கறுப்புத் தண்ணீர் மறுபக்கம் வழிந்துகொண்டிருந்தது. மதிலுக்கு மேலால் மரியகொறற்றி எட்டிப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும், பத்தொன்பது வருட அனுபவம் அதற்குத்தான். கேட்காதபடியால் அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நாலாவது மூலையையும் பார்த்து, 'திருப்திகரம்' என்று எழுதினார்.

பின்னேரம் வெள்ளவத்தையில் நாலாம் மாடிக் கதவை ஹம்சிகாதான் திறந்தாள். வழக்கம்போல அப்பாவின் சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தாள்.

"தொடாதை, பிள்ளை. உள்ளை போ."

அவர் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிள்ளை பயந்து பின்வாங்கினாள். யோகநாதன் வாசலுக்கு வெளியிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். இரண்டு சொப்பிங் பைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அதற்குள் அவற்றை அமுக்கி இறுக முடிந்தார். வாசலில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றி, சவர்க்காரத் தூள் போட்டுத் தாமே முழங்காலில் இருந்து தேய்த்தார். கால்மிதியையும் எறியச் சொன்னார். தொடாத பிள்ளையின் கையை இரண்டு தரம் கழுவுவித்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற மனைவி சரோஜினிதேவி கடைசியில் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் காணியிலை பிள்ளையள் விளையாடலாம் எண்டு நீங்கள்தானே கையெழுத்து வச்சனீங்கள்?"

"அது பிள்ளையள்," என்றார் யோகநாதன். "இது எங்கடை பிள்ளை."

அதிகாரசபையின் ஆண்டறிக்கை பளபளப்பான தாளில் மும்மொழியிலும் வெளிவந்தது. அதில் ஒரேயொரு தகவல்தான் விடுபட்டிருக்கிறது. வரலாற்றின் நன்மை கருதி இங்கே பதிவு செய்கிறோம்: அந்த வருடம் அதிகாரசபை மாசு மண்ணை உண்மையாகவே அகற்றி, கழுவி, முழுமையாக மீட்டெடுத்த நிலத்தின் பரப்பு இரண்டடிக்கு ஒன்றரை அடி. வெள்ளவத்தை, நாலாம் மாடி, பிரதிப் பணிப்பாளர் வீட்டு வாசல்.