கொழுத்த கெளுத்தியும் சாங்கோ மாமாவின் மீசையும்

வர்ணாவில் இருக்கும் அன்பு அக்கா ரொசித்சாவுக்கு,

ரூசேயிலிருந்து தம்பி வெலின் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் டான்யூப் நதியும் நலம். அத்தானின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தெனித்சாவின் அப்பா சாங்கோ மாமா எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்று போன கடிதத்தில் தலைகால் புரியாமல் எழுதியிருந்தேன். நீயும் மண்டபம் பிடித்து, ஆட்டுக்குட்டிக்குச் சொல்லிவைத்து, ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாய். அக்கா, மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிடு. எல்லாம் இந்தக் கம்பைலரால் வந்த வினை.

மாமா தலைவராக இருக்கும் மீன்பிடி சங்கத்துக்கு நதியின் நீர்மட்டம் சொல்லும் புரோகிராம் எழுதினேன் அல்லவா? நான் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது கம்பைலர். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி கம்பைலர், ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஆப்ஷன்கள், அதாவது கூடுதல் கட்டளைகள், வேறு வேறு. அதனால் வேலை தொடங்கும் முன் என் ஸ்கிரிப்ட் ஒரு குட்டி ஃபைலைக் கொடுத்து, "இந்த ஆப்ஷன் உனக்குத் தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். சங்கத்துக் கம்பைலர் கேட்டதற்கெல்லாம் தெரியும் என்றது. ஞாயிறு காலை போட்டி, படகெல்லாம் தயார், மொத்த சங்கமும் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறது, அப்போது பார்த்து நிஜ வேலையின் முதல் ஃபைலிலேயே "இப்படி ஓர் ஆப்ஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்று நின்றுவிட்டது.

"ஏண்டா, எல்லாம் தெரியும்னு சொன்னது இப்ப எதுக்குடா முழிக்குது?" என்றார் செயலாளர் கான்சோ.

மாமா பட்டாளத்தில் வளர்த்த மீசையை நீவிக்கொண்டே படகுக்குப் போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தப்பு என்னுடையதுதான். சோதனையின்போதே கம்பைலர் "எச்சரிக்கை: இது எனக்குத் தெரியாது" என்று முணுமுணுத்துவிட்டு வேலையை முடித்திருக்கிறது. வேலை முடிந்ததா என்று மட்டும் பார்த்தேன், முணுமுணுப்பைக் காதில் வாங்கவில்லை. நிஜ வேலையில் மட்டும் முணுமுணுப்பையும் பிழையாக எடுத்துக்கொள் என்று கறார் காட்டியிருந்தேன். இப்போது சோதனையிலும் அதே கறார். போதாததற்கு, "கொழுத்த கெளுத்தி" என்று இல்லாத ஓர் ஆப்ஷனை முதலில் கேட்கிறேன். அதற்கும் தெரியும் என்றால் ஆசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம்.

அங்கேதான் அக்கா, மாமாவும் அப்படித்தான் தலையாட்டினாரோ என்று சந்தேகம் வந்தது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது மாமா தூண்டில் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்தானே "ஆகட்டும்" என்றார்? நேற்று மாலை கரைக்குப் போய், அதே மாதிரி தூண்டிலோடு இருந்தவரிடம் கேட்டேன்.

"மாமா, நாளைக்குக் காலையில வந்து உங்க மீசையை மழிச்சு விடட்டுமா?"

"ஆகட்டும்."

போயே போச்சு. அந்த மீசையை மாமி முப்பது வருஷமாக எடுக்கச் சொல்லியும் நடக்கவில்லை. எனக்குக் கிடைத்த சம்மதமும் இந்த லட்சணம்தான். தெனித்சாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? அழுகையாக வருகிறது அக்கா.

குழந்தைகளுக்கு முத்தம். அத்தானுக்கு வணக்கம். கடவுள் உங்களுக்குக் குறைவில்லாத ஆரோக்கியம் தரட்டும்.

உன் துரதிர்ஷ்டத் தம்பி,
வெலின்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தெனித்சா போன் செய்தாள். "அப்பா ஆறு மணியிலருந்து கழுத்துல துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வரேன்னு சொன்ன பய எங்கன்னு கேக்குறாரு. சீக்கிரம் வா!" மண்டபத்தை விட்டுவிடாதே அக்கா. நான் சவரக்கத்தி வாங்க ஓடுகிறேன்.