கர்வ் பண்ணியாச்சுங்க

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். இருபத்து நாலு வயதில் அது என்னிடம் கிடையாது. மீசை இருந்தது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதன் போர்டில் ‘டிஜிட்டல்’ என்று ஒரு வார்த்தையும் இருந்தது. (அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன விளக்கங்களை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணப் பத்திரிகையும் எஸ்டேட் பில் புத்தகமும்தான் எனக்குச் சோறு போட்டன. என் சென்டருக்கு எதிரே ஒரு தையல் கிளாஸ். நாகலூரிலிருந்து எஸ்தர் என்ற பெண் தையல் கற்றுக்கொள்ள பஸ்ஸில் வருவாள். அதாவது, வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு வருவாள். வந்து என் சென்டரில் உட்கார்ந்து தமிழ் டைப்பிங் கற்றுக்கொள்வாள். சொல்லிக்கொடுத்தது நான். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அவள் அப்பா சாமுவேல் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போட்டுக் கணக்கு எழுதுகிற வேலை. அவர் வருகிற வழியில் எஸ்டேட் நாய்கூட ஓரமாக ஒதுங்கிப் போகும். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் என் சென்டர் படியேறி வந்தார். எஸ்தர் பின்கதவு வழியாகப் பறந்துவிட்டாள். அவள் விட்டுப்போன செருப்பைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

“ஏனுங்க தம்பி, போட்டோவைச் செவுரகலத்துக்குப் பெருசா அடிக்கறதுக்கு என்னமோ கம்ப்யூட்டர் வழி இருக்குதாமா?”

“இருக்குதுங்க. கோயம்புத்தூர்ல மெஷின் வந்திருக்குதுங்க. நாம இங்க ஃபைல் ரெடி பண்ணி அனுப்பிச்சாப் போதும்.”

“நம்ம சர்ச்சுப் படம். ஆறடி அகலம். பிஷப் ஐயா வந்து தெறந்து வெக்கறாரு. பெயிண்டர வெச்சு வரையலாம்னு கமிட்டில சொன்னாங்க. நாந்தான், நம்மூர்லயே விவரமான பையன் ஒருத்தர் இருக்கறாருன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். எம் மானம் உங்க கையிலதானுங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தி, படத்தில் போட வேண்டிய வாசகத்தைச் சொன்னார். ‘மலையும் மழையும் அவர் தந்தது.’ அவரே எழுதியதாம். சொல்லும்போது அந்த மனிதருக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. “தெறக்கற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுங்க. ஊட்டுலகூடச் சொல்லல.”

அவருக்கு மானம் என்றால் எனக்கு வாழ்க்கை. ஈரோட்டில் ஒரு பேங்க் மாப்பிள்ளையை அவர் பேசி வைத்திருப்பதாக எஸ்தர் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். படம் நன்றாக அமைந்தால், அந்த சந்தோஷத்தோடு சந்தோஷமாகப் பெண் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாசகத்தை எஸ்தரிடம்கூட மூச்சு விடவில்லை.

காபி பூத்திருந்த சமயமாகப் பார்த்து, எதிர்மேட்டிலிருந்து சர்ச்சைப் படம் எடுத்து, சேலத்தில் ஸ்கேன் செய்து வந்தேன். அப்புறம் கோயம்புத்தூர் பிரிண்டருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். ஆறடி அகலத்திலும் ஒரு அங்குலத்துக்கு நூற்றைம்பது புள்ளி குறையக் கூடாது, குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும் என்றார். திரையில் தெரியும் பச்சை வேறு, மை போடும் பச்சை வேறு, அதற்கேற்ற நிறக் கணக்குக்கு மாற்றி அனுப்பு என்றார். எல்லாம் எழுதிக்கொண்டேன். “ப்ளீட் விட்டிருக்கறீங்களா?” என்றார்.

“ப்ளீட்னா... ரத்தமுங்களா?” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை. பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுச் சொல்ல, அவரும் சிரித்தார். என் செலவில் சிரித்தார்கள். (எஸ்.டி.டி. செலவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க ஓரத்தில் படத்தைக் கொஞ்சம் கூடுதலாக விடுவதற்குத்தான் ப்ளீட் என்று பேராம். இனிமேல் செத்தாலும் இந்த ஆளிடம் அர்த்தம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். உடனே அடுத்த கேள்வி வந்தது.

“எழுத்தெல்லாம் கர்வ் பண்ணியாச்சுங்களா?”

கர்வ் என்றால் வளைவு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். “இன்னைக்குப் பண்ணிருவனுங்க” என்றேன் கம்பீரமாக.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பண்ணினேன். வாசகத்தைக் கோபுரத்துக்கு மேலே வானவில் மாதிரி அப்படியே வளைத்துவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நிறத்தை மாற்றினால் அது யோசிக்கத் தொடங்கிவிடும், நான் போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வரலாம். பனி இறங்கினால் கரண்டும் சேர்ந்து போய்விடும். அத்தனைக்கும் நடுவில் இலை இலையாகப் பார்த்துச் சரிசெய்து, சி.டி.யில் ஏற்றி அனுப்பி, மறுபடி போன் செய்து, “கர்வ் பண்ணியாச்சுங்க. சூப்பரா வந்திருக்குது” என்றேன். “வெரி குட்” என்றார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. படம் சனிக்கிழமையே வந்து இறங்கி, தச்சர் நேராக வாங்கிக்கொண்டுபோய் ஃபிரேம் போட்டு, சுவரில் மாட்டி, சிவப்புத் திரையும் போட்டுவிட்டார். நான் இஸ்திரி மடிப்புக் கலையாமல் போய்ச் சேர்ந்தபோது தச்சர் வாசலில் நின்றிருந்தார்.

“படம் நொம்ப ஜோருங்க. அந்த இங்கிலீஷ் எழுத்து என்னமா வளைஞ்சிருக்குது.”

“இங்கிலீஷா?”

“ஆமாங்க. பூப்பூவா.”

கர்வ் பண்ணுவது என்றால் எழுத்தை வளைப்பது இல்லை. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுப் படமாக மாற்றி அனுப்புவது. அப்படி மாற்றாவிட்டால், நம் தமிழ் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில், தமிழுக்காக நாம் தட்டிய ஆங்கில எழுத்துகள் அப்படியே வந்து நிற்கும். இது எனக்கு சர்ச் வாசலில் புரிந்தது.

ஓடிப்போய் ரைட்டரைப் பிடித்தேன். புதுச்சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

“ஐயா, படத்துல சின்னதா ஒரு...”

“பதறாதீங்க தம்பி. எனக்குந்தான் ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. தெறக்கறதுக்கு முன்னால நானும் பாக்கறதில்லைன்னு இருக்கறேன்.” தோளைத் தட்டிவிட்டு, பிஷப்பை வரவேற்கப் போய்விட்டார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று பாடிய பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று வரும்போதெல்லாம் திரையின் ஓரம் தூக்கும், என் உயிரும் கூடவே தூக்கும். படமே அறுந்து விழாதா, மழை வந்து எல்லோரும் கலைந்து ஓட மாட்டார்களா என்றெல்லாம் ஜெபித்தேன். (என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக ஜெபித்ததில்லை.) பாடகர் குழுவில் நின்றிருந்த எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். நான் கையால் கழுத்தை அறுப்பது போல் காட்டினேன். பிஷப் கயிற்றை இழுத்தார்.

படம் அற்புதமாக இருந்தது. ஒவ்வொரு காபிப் பூவையும் எண்ணலாம். அதற்கு மேலே, வானவில்லாக, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்தில்:

kiyAk; kioAk; mth; je;jJ

எனக்கு முன்னால் இருந்த பெரியவர், “லத்தீனுங்க” என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். பிஷப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்ல குரலில், “கியாக்... கியோக்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் களுக்கென்று ஒரு சத்தம்.

“ரைட்டர் ஐயா, இது எந்த பாஷைங்க?” என்றார் பிஷப்.

சாமுவேல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலேயும் கீழேயும் தேடினார். அவருடைய வரி எங்கேயும் இல்லை. கமிட்டிக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எஸ்தரும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், இவரை யாராவது காப்பாற்றினால் போதும் என்றாகிவிட்டது. எழுந்து நின்றேன்.

அப்போதுதான் பாடகர் குழுவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“மலையும்... மழையும்... அவர் தந்தது.”

எஸ்தர். விரல்கள் காற்றில் தட்டிக்கொண்டிருந்தன, கீபோர்டில் தட்டுவது போலவே.

பிஷப் முகம் மலர்ந்தது. “நல்ல வரி. இத எப்படிக் கண்ணு படிச்ச?”

“கே அடிச்சா ‘ம’ வருமுங்க. ஒய் அடிச்சா ‘ல’ வருமுங்க...” என்று உற்சாகமாகத் தொடங்கியவள், அப்பாவைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“எங்க கத்துக்கிட்ட?” என்றார் பிஷப்.

“தையல்...” என்றாள். இருக்கிற இடமும் கேட்கிற ஆளும் உறைத்திருக்க வேண்டும். “இல்லீங்க. எதுத்தாப்புல கம்ப்யூட்டர் சென்டர்லீங்க.”

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெஞ்சுகளுக்கு நடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

ஆராதனை முடிந்ததும் சாமுவேல் என்னை வெளியே சில்வர் ஓக் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். அடி விழும் என்றே நினைத்தேன்.

“எம் பொண்ணு எவ்வளவு நாளா உங்ககிட்டப் படிக்கறா?”

“ஒரு வருசமாச்சுங்க.”

“டைப்படிக்கவா?”

நான் தரையைப் பார்த்தேன். “அந்த வரிய உங்களத் தவிர நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. மொதமொதல்ல அவ வாயாலயே கேட்டுப்போட்டேன்” என்றார். பிறகு சர்ச் வாசலைத் திரும்பிப் பார்த்தார். “சபை பூராப் பாத்துருச்சு. ஈரோட்டுக்காரங்களுக்கு இனி நான் என்னத்தச் சொல்றது? உங்க ஊட்டுப் பெரியவங்கள வரச்சொல்லுங்க. வேற படம் ஒண்ணு அடிச்சுக் கொண்டாங்க. எழுத்து நேரா இருக்கோணும்.”

கோயம்புத்தூர்க்காரரிடம் கேட்டபோது, “சர்ச்சுன்னீங்களா, நானும் ஏதோ லத்தீன்னு இருந்துட்டனுங்க” என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் டாக்டர் சீட்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், நான் சொல்லும் சமாதானங்கள் எல்லாவற்றுக்கும் ‘கியாக் கியோக்’ என்றுதான் பெயர். நேர் எழுத்துப் படம் சர்ச்சுக்குப் போனது. பழைய படத்தைத் தூக்கிப்போட மாமனார் விடவில்லை. நாகலூரில் அவர் வீட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அதுதான். புதிதாக வருகிறவர்கள் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்பார்கள். அவர் சிரிக்காமல் பதில் சொல்வார்.

“லவ் லெட்டருங்க. பிஷப் ஐயா கையால தெறந்து வெச்சது.”