கருப்புக் கண்ணாடியும் ஜெனியின் கடைவாய்ப் பல்லும்

பசங்களா, ஒரே வேலையை ரொம்ப நாள் செய்தால் உலகமே அந்த வேலை மாதிரி தெரியும். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டர். வெளிச்சம் என்றால் எனக்கு இரும்பை உருக்குகிற வெளிச்சம்தான்.

அந்தப் புத்தியோடுதான் என் மகள் ஜெனியைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஷிப்ட் முடிந்து நேராகப் போனதால் தோளில் பை. பைக்குள் முகத்தை மூடுகிற வெல்டிங் ஷீல்டு.

ஜெனிக்குக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. விழுந்து முளைக்கிற பால் பல் இல்லை, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்.

"உள்ளே சதையும் நரம்பும் இன்னும் உயிரோட இருக்கு, அதைக் காப்பாத்தணும். நீல மருந்து வச்சு, லைட் அடிச்சு, கிருமியைச் சாகடிப்போம்" என்றார் டாக்டரம்மா.

நான் பதறிப்போய்க் கேட்டேன்: "கிருமியே சாவுதுன்னா, உள்ள கீற சதை இன்னா ஆவும் மேடம்? எத்தினி ஆம்ப்ஸ்?"

(வெல்டிங்குக்குக் கரண்ட் வைக்கிற ஆம்ப்ஸைப் பல் டாக்டரிடம் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

அவர் சிரிக்காமல் சொன்னார்: "மருந்தும் லைட்டும் சேர்ந்தாதான் வேலை செய்யும். ரொம்ப அதிகமா வச்சா சதைக்கும் கெடுதல். அதனாலதான் அளவா மருந்து, அளவா நேரம்."

நான் பெரிதாகத் தலையாட்டினேன். காதில் ஏறியது "கெடுதல்" மட்டும்தான்.

ஜெனிக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு, எனக்கும் ஒன்று நீட்டினார்.

"எங்கிட்டயே கீது மேடம்" என்று ஷீல்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஐயோ நைனா, மானத்த வாங்காத!" என்றாள் ஜெனி.

வெல்டிங் கண்ணாடி இருக்கிறதே, பொறி பறந்தால்தான் அதில் ஏதாவது தெரியும். மற்ற நேரம் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். அந்த இருட்டுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றேன். பளிச்சென்று அடிக்கும், பிள்ளை கத்தும், தூக்கிக்கினு ஓடணும். நின்றேன், நின்றேன். வெளிச்சம் வரவே இல்லை.

"மேடம், எப்ப ஆரம்பிப்பீங்க?"

"எல்லாம் முடிஞ்சி அடைச்சே உட்டாங்க நைனா!"

சந்தோஷத்தில் அப்படியே அவள் குரல் வந்த பக்கம் பாய்ந்தேன். ஷீல்டைக் கழற்றினால்தானே! கை மருந்துத் தட்டில் இடித்து, மிச்ச நீல மருந்து கையிலேயே கவிழ்ந்தது. அதன் பிறகுதான் ஷீல்டைத் தூக்கி வியர்வையைத் துடைத்தேன், அதே கையால். மீசை, மூக்கு, எல்லாம் நீலம். சோப்புக்கும் போகவில்லை. எங்கள் ஊர் கவரைப்பேட்டை வரைக்கும் ரயிலில் ஒரு கைக்குழந்தை பால் குடிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்த என் மனைவி ஸ்டெல்லா, "வைத்தியம் அவளுக்கா, உனக்கா?" என்றாள்.

மறுபடி போனபோது டாக்டரம்மா அந்தப் பல்லில் ஐஸ் மாதிரி எதையோ வைத்துப் பார்த்தார். "கூசுது!" என்று ஜெனி துள்ளினாள். "அப்ப உள்ளே உயிரோட இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (இந்த முறை ஷீல்டு இல்லையே, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போய் வந்தால், ஸ்டெல்லாவும் ஜெனியும் ஆளுக்கொரு தட்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, "மேடம், எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கோரஸாகக் கேட்பார்கள். பல் பிழைத்துவிட்டதே, எனக்கென்ன! நானும் ஒரு தட்டை எடுத்துக்கொள்வேன்.