பத்து மணிக்குத் தூங்கும் கூட்டம்

'கூட்டம் காலை பத்து மணிக்குத் தூங்கும்' என்று தாளில் இருந்தது.

பூதக்கண்ணாடி வாய்விட்டுச் சிரித்தார். அச்சகத்தில் அவருக்கு அதுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறார். அச்சுக்குப் போகும் முன் தாளில் இருக்கும் பிழைகளைச் சிவப்பு மையால் பிடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு புள்ளிகூடத் தலை தப்பி ஓட முடியாது அவரிடமிருந்து.

வழக்கமாகப் பிழையைச் சுழித்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரிடம் நீட்டிவிடுவார். அந்தப் பெண்ணுக்குப் பெயர் புயல். கீபோர்டில் விரல் படுகிறதா இல்லையா என்றே தெரியாது, அத்தனை வேகம். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று, விடுப்பு முடிந்து, மூன்று மாதத்துக்கு முன்புதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

ஆனால் இது சுழித்துத் தள்ளிவிடுகிற பிழையா? கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கான அழைப்பு. அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறார். பத்து மணிக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பாத்தியாம்மா, கூட்டம் பத்து மணிக்குத் தூங்குமாம்! இரு, மேனேஜரைக் கூட்டிட்டு வரேன். மனுஷன் ஒரு தடவை சிரிச்சுப் பாக்கட்டும்" என்று எழுந்தார்.

தாளைக் கையோடு எடுத்துப் போகவில்லை. போகக் கூடாது. மெய்ப்புத் தாள் மேசையைவிட்டு நகரக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். எப்போதோ ஒரு பக்கம் அவர் அறைக்குப் போய்க் காணாமல் போனதிலிருந்து போட்டது. அவருடைய இன்னொரு சட்டம், பிழை அவர் கண்ணில் பட்டால் அடித்தவர் பெயர் சுவரில் இருக்கும் பலகையில் ஏறும் என்பது. மூன்று தடவை ஏறினால் வேலைக்கு முழுக்கு. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில் பூதக்கண்ணாடிக்குப் பலகை ஞாபகமே இல்லை.

மேனேஜர் போனில் இருந்தார். அவர் எப்போதும் போனில்தான் இருப்பார். காத்திருந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார் பூதக்கண்ணாடி.

"படிங்க சார், படிங்க!"

"கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கும்" என்று படித்தார் மேனேஜர். "சரி. இதுல என்ன?"

பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தார். தொடங்கும். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். தொடங்கும்தான்.

"இப்பத்தான் சார்... தூங்கும்னு இருந்துச்சு."

"யாரு தூங்கறது?"

"கூட்டம்."

மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பூதக்கண்ணாடி தாளைக் கையில் எடுத்தார். லேசாகச் சூடாக இருந்தது. தன் கைதான் சுடுகிறது, காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மாலையில் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிக்கச் சொன்னார். பூதக்கண்ணாடி கடைசி வரியைப் படித்ததோடு நிற்காமல், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த, பலகை செய்த கம்பெனியின் முகவரியையும் படித்தார். அதில் ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றார்.

"உங்க கண்ணுல ஒண்ணுமே இல்ல சார்" என்றார் கடைக்காரர்.

நல்ல செய்திதான். ஆனால் வீட்டில் மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். போனில் படித்த மருத்துவத்தை ஊருக்கெல்லாம் இலவசமாக வழங்குபவன்.

"கண்ணுல ஒண்ணுமில்லைன்னா ரொம்ப ஆபத்து மாமா" என்றான். "அப்போ மனசுலதான் இருக்கு. அவசரத்துல பாக்கறப்போ கண்ணு படிக்கறதில்ல, மனசுதான் படிக்குது. பசிச்சவனுக்குப் பாக்கறதெல்லாம் சாப்பாட்டுக் கடை போர்டு. உங்களுக்கு எங்க பாத்தாலும் தூக்கம். அப்படின்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"உள்ளுக்குள்ள ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. வெளிய சொல்லாம அமுக்கி வச்சிருக்கீங்க."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்னங்க, எங்கிட்டகூடச் சொல்லலையே?"

"எனக்கே இப்பத்தானே தெரியுது!"

உடனே பரிசோதனை ஆரம்பித்தது. மனைவி சோப்பு உறை, மருந்துச் சீட்டு, தண்ணீர் வரி நோட்டீஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவர் மூக்குக்கு நேரே நீட்டி வெடுக்கென்று இழுத்தார். பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் சரியாகப் படித்தார். சோப்பு உறையில் ஓர் ஒற்றுப்பிழையைக்கூடச் சொன்னார்.

"பாத்தியாக்கா? வீட்டுல சரியாப் படிக்கறார்" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "வேலையிலதான் வருது. முத்தின கேஸ்."

அன்று இருட்டும் முன்பே அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். பதினோரு மணி நேரம் தூங்கினார். காலையில் முகம் உப்பி, பிடரி பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பள்ளி ஆண்டறிக்கையின் மெய்ப்பு மேசையில் காத்திருந்தது. மூன்றாம் பக்கம், ஐந்தாம் வரி: 'நல்லுறக்கப் பரிசு பெற்ற மாணவர்கள்.'

அவருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. எழுத்து எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டு மூன்று தடவை படித்தார். "நல்... லு... றக்க..."

தடுப்புக்கு அந்தப் பக்கம் புயலின் விரல்கள் நின்றன. "என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. நீ வேலையைப் பாரு."

தனக்குச் சாட்சி வேண்டும் என்று தோன்றியது. மறுபடி மேனேஜரிடம் ஓடினார். மறுபடி போன். மறுபடி அழைத்து வந்தார். பிரிண்டர் ஏதோ முனகி ஓய்ந்துகொண்டிருந்தது. தாளில், மூன்றாம் பக்கம், ஐந்தாம் வரியில், 'நல்லொழுக்கப் பரிசு' என்று பளிச்சென்று இருந்தது.

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் முதல் தடவையாகப் பூதக்கண்ணாடியின் தோளில் கை போட்டார்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க சார்."

"புது அகராதி வேலை நமக்குத்தான் வந்திருக்கு, தெரியுமில்ல? ஆயிரத்து நானூறு பக்கம். உங்களை நம்பித்தான் எடுத்தேன். இப்ப என்ன பண்றது? நம்ம கஸ்டமர் ஒருத்தர் இருக்கார், மனநல டாக்டர். போய்ப் பாருங்க. 'இவர் எழுத்து வேலை பாக்கலாம்'னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்க, அங்க எழுத்தே கிடையாது. அதுவரைக்கும் சின்னச் சின்ன ஃபாரம், நோட்டீஸ் எல்லாம் நானே ஒரு பார்வை பாத்துடறேன். இது என்ன பெரிய வித்தை!"

பூதக்கண்ணாடிக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. அதைவிட வலித்தது வேறு. அவர் பெரிய படிப்புப் படித்தவரில்லை. மேடையில் பேசத் தெரியாது, கணக்கு வராது, சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. ஆனால் தாளில் இருப்பதை இருக்கிறபடி படிக்கத் தெரியும் என்று நிம்மதியாக இருந்தார். அதுவும் இல்லையென்றால் அப்புறம் அவர் யார்?

இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மைத்துனன் நாளுக்கு இரண்டு முறை வந்து மூச்சை இழுத்து விடச் சொன்னான். இழுத்து விட்டதில் தலை சுற்றியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் டாக்டரைப் பார்க்கப் போனார். வரவேற்பில் இருந்த பெண் புதுக் கட்டு ஒன்றின் நூலை அறுத்து, மேலேயிருந்த ஃபாரத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"உள்ள போய் இதை நிரப்புங்க சார். டாக்டர் வந்துடுவார்."

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் மெத்தை போட்ட ஒரு கட்டில். பூதக்கண்ணாடி ஃபாரத்தைப் பார்த்தார்.

'கீழ்க்கண்ட கேள்விகளைப் படுத்துப் பதில் எழுதவும்.'

வியர்த்துவிட்டது. மறுபடி பார்த்தார். படுத்து. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். படுத்து. தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அங்கேயும் படுத்துத்தான்.

பிறகு கட்டிலைப் பார்த்தார். யோசித்தார். மனசு டாக்டர். கட்டில் வேறு போட்டிருக்கிறது. ஒருவேளை இங்கே முறையே இதுதானோ? ஒருவேளை, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சரியாகப் படித்திருக்கிறோமோ? அந்த நினைப்பே ஆறுதலாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மல்லாந்து படுத்து, ஃபாரத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். தலைகீழாகப் பிடித்த பேனா நாலு எழுத்துக்கு மேல் எழுதவில்லை. உதறினார். மை மூக்கில் விழுந்தது.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பதில் எழுதறேன் டாக்டர்."

"எதுக்குப் படுத்துக்கிட்டு?"

"நீங்கதானே போட்டிருக்கீங்க, படுத்துன்னு?"

டாக்டர் ஃபாரத்தை வாங்கி மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார். "கேள்விகளைப் படித்துன்னு இருக்கு" என்றார் மென்மையாக. "ஆறு வருஷமா இதே ஃபாரம்தான். நானே எழுதினது. எனக்கு மனப்பாடம்."

பூதக்கண்ணாடி எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் நீல மையோடு நடந்ததையெல்லாம் சொன்னார். கூட்டம் தூங்கியது, பரிசு உறங்கியது, ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. டாக்டர் நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார். தலையாட்டினார். கேட்ட சீட்டைக் கொடுக்காமல் வேறு சீட்டைக் கொடுத்தார்: 'கடுமையான மனச்சோர்வு. தூக்கத்துக்காக ஏங்கும் மனம். ஒரு மாத முழு ஓய்வு தேவை.'

மறுநாள் காலை அச்சகத்தில் மேசையைக் காலி செய்தார். சிவப்புப் பேனாக்கள், அடிக்கோல், வரி பிடிக்க வைத்திருந்த அட்டை, இருபத்தாறு வருடம். எல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கிவிட்டது. மேனேஜர் பக்கத்தில் நின்று டாக்டர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஓய்வு எடுத்துட்டு வாங்க. வந்ததும் பேக்கிங். பெட்டி, கயிறு, கோந்து. நிம்மதியா இருக்கலாம்."

பூதக்கண்ணாடி தலையாட்டினார். புயல் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிருந்தது. பாவம், நமக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, சிரிக்க வைக்கலாம் என்று கட்டில் கதையைச் சொன்னார்.

"கேளும்மா கூத்தை. அந்த டாக்டர் ஃபாரத்துல 'கேள்விகளைப் படுத்து'ன்னு எனக்குத் தெரியுது! நானும் செருப்பைக் கழட்டிட்டுப் படுத்துட்டேன்!"

மேனேஜர் சிரித்தார். "அந்த ஃபாரம் நான் பாத்து அனுப்பினதுய்யா. முத்து முத்தா இருந்துச்சு."

புயல் சிரிக்கவில்லை. "டாக்டர் ஃபாரமா?" என்றார். விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போனார். கீழ் இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. கை கொள்ளாத தாள்களோடு வந்து, மேனேஜர் முன்னால் மேசையில் வைத்தார். மேலாக இருந்த தாளில் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை தெரிந்தது.

"என்னம்மா இது?"

புயல் ஒரு கொட்டாவியை அடக்கப் பார்த்து, முடியாமல், கையால் மறைத்துக்கொண்டார்.

"சார் ஒரு எழுத்துகூடத் தப்பாப் படிக்கலை சார். அவர் உங்களைக் கூப்பிட வர்ற நேரத்துல நான்தான் திருத்தி, புதுத் தாள் எடுத்து மாத்தி வச்சேன். ரெட்டைப் பிள்ளைங்க, தூங்கி மூணு மாசமாச்சு... அந்த ஓய்வுச் சீட்டுல என் பேரை எழுதிக்கலாமா?"