தக்காளிப் பெட்டியில் போன ஊர்வலம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சின்னராஜ் அவர்களுக்கு, மாமனார் அர்ச்சுனன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சின்னவள் வெண்மதியும் சுகம். தக்காளி விலைக்குத்தான் உடம்பு சரியில்லை. பெங்களூரில் நீங்களும் ஜெயபிரியாவும் நல்லபடியாக இருக்கச் சென்றாயசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையிடம் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஊரே படிக்கும். பக்கத்து வீட்டு முருகேஷ் நேற்று ஒரு நாள் விடுப்பில் வந்து இன்று ராத்திரியே பெங்களூர் திரும்புவதால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது எங்கள் கஷ்டத்தைக் கேட்டீர்கள். ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ், வண்டி திருப்ப இடமில்லை என்று கூட்ரோட்டோடு திரும்பிவிடுகிறது. வெண்மதி விடிவதற்கு முன் ஏரிக்கரை வழியாகத் தனியாக நடந்து, கூட்ரோட்டில் பஸ் ஏறித் தர்மபுரி காலேஜுக்குப் போக வேண்டியிருந்தது. பொங்கலுக்குள் பஸ் ஊருக்குள் வராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவது என்று உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வெண்மதி யாரோடும் பேசவில்லை. நீங்கள்தான் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்காமலே, “மாமா, இப்பல்லாம் வேலைய வுட்டுட்டுப் போராட வேண்டியதில்ல, எல்லாம் போன்லயே முடிச்சுக்கலாம்” என்று ஒரு குரூப் ஆரம்பித்து, என்னை அட்மின் ஆக்கிவிட்டுக் கிளம்பினீர்கள்.

குரூப் நன்றாகவே நடந்தது. பஸ் வேண்டும் என்று போட்டேன், எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். டெப்போ மேனேஜரைப் பார்க்க யார் வருகிறீர்கள் என்று நீங்கள் சொன்னபடி ஓட்டெடுப்பு வைத்தேன். போன வருஷம் இறந்துபோன தர்மன் உட்பட எல்லாரும் வருவதாக ஓட்டுப் போட்டார்கள். அவர் போன் இப்போது மருமகளிடம் இருக்கிறது.

புதன்கிழமை காலைல பார்த்தா ஒருத்தருக்கும் ஒழிவில்லீங்க. ஒருத்தருக்குத் தண்ணி பாய்ச்சணும், ஒருத்தர் மாட்டுக்கு ஊசி போடணும், கிருஷ்ணப்பனுக்கு என்னமோ அவசர வேலை. வரலையேங்கிற வருத்தம் மட்டும் எல்லாருக்கும் இருந்துச்சு. நீங்க வேற ‘லைவ் லொகேஷன் போட்டா ஆள் வந்த கணக்குதான்’னு குரூப்ல பேசி அனுப்பியிருந்தீங்க. கல்யாணத்துக்குப் போக முடியாதவங்க மொய்யக் குடுத்தனுப்பற மாதிரி, ஆளாளுக்கு லொகேஷனப் போட்டு, போன என் கைல குடுத்து, “நான் வந்ததா இருக்கட்டுங்க”ன்னு போயிட்டாங்க. சார்ஜ் எறங்காம பாத்துக்கச் சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரு தக்காளிப் பெட்டில அடுக்கி, மொபெட் பின்னால கட்டிக்கிட்டு நான் ஒருத்தன் போனேன்.

மேனேஜர் மரியாதையான மனுஷன். எத்தன பேர் வந்திருக்கீங்கன்னு கேட்டார். ஆள் நான் ஒருத்தன்தானுங்க, ஊரு பெட்டிக்குள்ள இருக்குதுங்கன்னேன். பெட்டியப் பாத்தார், என்னப் பாத்தார், குடிக்கத் தண்ணி குடுத்தார். அதுக்குள்ள போனெல்லாம் அடிக்க ஆரம்பிச்சுதுங்க. ஒண்ண எடுத்தா பால் சொசைட்டி, இன்னொண்ண எடுத்தா லோன் வேணுமான்னு இந்தில ஒரு பொண்ணு. கிருஷ்ணப்பன் போன்ல அவன் சம்சாரம். எங்க வூட்டுக்காரர் எங்கன்னு கேட்டுச்சு. போராட்டத்துல இருக்காருங்கம்மான்னேன். “அப்ப ஒகேனக்கல்ல மீன் கடை முன்னால நிக்கறது யாருங்க? எந்தம்பி இப்பத்தான் போட்டோ அனுப்பிச்சான்”னு கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல இருந்ததால மேனேஜரும் கேட்டுக்கிட்டார்.

மத்தியானத்துக்குள்ள ஊரு நின்னுபோச்சுங்க. நூறு நாள் வேலைல கணக்குப் பாக்கற ராமக்காள் போன்ல போட்டோ புடிச்சாத்தான் வந்தவங்களுக்கு வருகை. அவங்க போன் என் பெட்டில. ஏரில வேலைக்கு நின்ன பொம்பளைங்க மொத்தமும் மம்பட்டியோட டிராக்டர் ஏறிட்டாங்க. சிலிண்டர்காரர் ஓடிபி இல்லாமத் தர மாட்டேன்னதால இன்னொரு கூட்டம் ஷேர் ஆட்டோல வந்துச்சு. எல்லாரும் சேந்து டெப்போ கேட்ட அடைச்சு நின்னுக்கிட்டு சத்தம் போட, ஒரு பஸ்ஸும் வெளிய போக முடியல. எதுக்கு வந்தாங்கன்னு மேனேஜர் கேக்கல, நானும் சொல்லல. “இவங்கள மொதல்ல அனுப்புங்க, பஸ்ஸப் பத்திப் பொறவு பேசலாம்”னார். எனக்கு வெண்மதி மொகம் நெனப்புக்கு வந்துச்சுங்க. பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். பஸ் ஊருக்குள்ள வரும்னு எழுதிக் குடுத்தாத்தான் எழுந்திரிப்பேன்னுட்டேன். ராமக்காள் என் சட்டையப் புடிச்சு இழுத்ததுல பித்தான் ரெண்டு போச்சு. மேனேஜர் எழுதிக் குடுத்துட்டார்.

போன திங்கக்கெழமை பஸ் ஊருக்குள்ள வந்துச்சு, பள்ளிக்கூடத்துகிட்ட லேசாத் திரும்பிச்சு. வெண்மதி ஜன்னலோரமா உக்காந்து, “போயிட்டு வரேம்ப்பா”ன்னா. எத்தன நாளாச்சு அவ எங்கிட்டப் பேசி. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. உங்க அத்த இப்ப படிப்பப் பத்தி வாயே தொறக்கறதில்ல.

ஆனாலும் மாப்பிள்ளை, இது எனக்கு ஆகாதுங்க. கிருஷ்ணப்பன் வூட்ல மூணு வேளையும் ரசந்தான், அதனால அவன் எம்மேல கோவமா இருக்கான். ராமக்காள் எதுர்ல வந்தா நான் சந்துக்குள்ள போயிடறேன். தயவுசெய்து அந்த குரூப்பைக் கலைத்து, என்னை விடுவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஜெயபிரியாவை விசாரித்ததாகச் சொல்லவும். இருவரும் குறையில்லாமல் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
மாமனார்
அர்ச்சுனன்

பி.கு.: குரூப்பைக் கலைக்க வேண்டாம். நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வர்றதில்லைன்னு வர்ற புதன்கிழமை மறுபடி கிளம்பறோம். ஒருத்தருக்கும் ஒழிவில்லைன்னு நல்லா விசாரிச்சுட்டேன், பெட்டி நெறஞ்சுரும். உங்களுக்கும் ஒழிவிருக்காது, தீபாவளிக்கு வந்ததோட சரின்னு ஜெயபிரியா வருத்தப்பட்டா. அதனாலென்னங்க. நேத்துலருந்து நீங்க தேடிக்கிட்டிருக்கற ஆபீஸ் போன் தொலையலீங்க, அவதான் முருகேஷ் கைல குடுத்தனுப்பிச்சா. பெட்டிலதான் இருக்கு, நல்லா அடிக்குது. நேர்ல வந்து வாங்கிக்கலாம், உங்க அத்த நாட்டுக்கோழிக்குச் சொல்லி வெச்சிருக்கா.