தென்கடலில் மட்டும் தெரிந்த கிரகணம்

ஒரு காட்டில் புலி ஒருவர் டோக்கன் முறையில் சாப்பிட்டு வந்தார். துரத்திப் பிடிக்கிற வயதெல்லாம் போய்விட்டது. முதல் நாளே டோக்கன் அனுப்பிவிடுவார். டோக்கன்காரர் மறுநாள் மதியம் குகை வாசலில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அடுத்த டோக்கன் மொத்தக் குடும்பத்துக்கும் வரும்.

அன்றைக்கு மிளா மான் செங்கமலத்தின் முறை. அவளுக்குச் சாக இஷ்டமே இல்லை. யாருக்குத்தான் இருக்கும்?

புலி அமாவாசைக்குக்கூட அசைவத்தை விடாதவர். ஆனால் கிரகணம் என்றால் மட்டும் அவருக்கு நடுக்கம். போன கிரகணத்தின்போது பாதி தின்ற பன்றியின் மேல் தர்ப்பையைப் போட்டு மூடி, கிரகணம் விட்டதும் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் மீதியைத் தொட்டார். இது தெரிந்த செங்கமலம், வனக்காவலர் ஒருவர் தவறவிட்ட செல்போனைக் காலையிலிருந்து குடைந்து, உலகத்தில் எங்காவது கிரகணம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது!

"ஐயா, இன்னிக்கு சூரிய கிரகணம். பதினொன்றரைக்கே பிடிச்சாச்சு. மூணு மணிக்குத்தான் விடும்" என்றாள்.

"வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துதே?"

"ஐயோ, மேலே பாக்காதீங்க! கண்ணு போயிடும்."

புலி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். செங்கமலம் செல்போனை நீட்டினாள். தேதி சரி, நேரமும் சரி. 'எங்கே தெரியும்' என்ற வரியின் மேல் மட்டும் அவள் குளம்பு இருந்தது.

மூன்று மணிக்குக் கிரகணம் விட்டு, புலி குளித்துத் துவட்டிக்கொள்ள ஐந்தாகிவிடும். ஐந்துக்கு மேல் சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது. டோக்கனோ இன்றோடு காலாவதி. புலியின் வயிறு உறுமியது. அவர் அதை அதட்டி உட்கார வைத்தார்.

அப்போதுதான் ஆமை ஏகாம்பரம் அந்த வழியாக வந்தார். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"கிரகணம் உண்டு. இல்லேன்னு சொல்லல. ஆனா இங்கே தெரியாது" என்று ஆரம்பித்தார். "சூரிய கிரகணத்துல நிலாவோட நிழல் பூமி முழுக்க விழாது. இந்தத் தடவை தென்துருவக் கடல்லதான் விழுது. பட்டினி கிடக்கணும்னா அங்கே இருக்கிற பெங்குவின்தான் கிடக்கணும். சந்திர கிரகணம் அப்படி இல்லை. நிலா தெரியுற ஊர்ல எல்லாம் தெரியும். அதனால..."

விளக்கம் நீண்டது. புலி இமைக்காமல் கேட்டார்.

"அப்போ நான் சாப்பிடலாமா?"

"தாராளமா!"

புலி திரும்பிப் பார்த்தார். செங்கமலம் ஆற்றைத் தாண்டி அக்கரைப் புதருக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். பிறகு அவர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரமும் ஓடத்தான் செய்தார். ஓடியும் அதே இடத்தில்தான் இருந்தார்.

"ஐயா, பதினஞ்சு நாள்ல சந்திர கிரகணம் வருது! அது இங்கேயே நல்லாத் தெரியும்!" என்று அலறினார்.

"அன்னிக்குக் கண்டிப்பா விரதம் இருக்கேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, புலி சாப்பிட உட்கார்ந்தார். செங்கமலத்தின் டோக்கனில் ஏகாம்பரத்தின் பெயரை எழுதிக்கொண்டார். நிர்வாகம் என்றால் முறை வேண்டும் அல்லவா?

நீதி: கிரகணம் எங்கே தெரியும் என்று விளக்குவதற்கு முன், கேட்பவர் சாப்பிட்டாரா என்று விசாரித்துக்கொள்ளவும்.