கப்டன் நொவாரின் மூன்றாம் வருகை

“தண்ணிக்குள்ளாலைதான் வருவாங்கள். வேணுமெண்டால் எழுதித் தாறன். மூண்டாவது அடி தண்ணிக்குள்ளாலைதான்!”

கரவெட்டிக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் நமசிவாயம் சீனி மூட்டையொன்றின் மேல் ஏறி நின்று இப்படி முழங்கிக்கொண்டிருந்த வேளையில்தான், அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் அருளம்பலம் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

நமசிவாயம் அவரைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பிராசாவோடு அவன் மல்லுக்கு நின்றான்.

“விசர்க்கதை கதையாதை சிவம். கப்டன் வானத்தாலை வந்து பழகின ஆள். தண்ணிக்குள்ளை அவருக்கென்ன வேலை?”

“அதுதான் மச்சான் புதுசு! முதல் தரம் செய்ததையே மூண்டாம் தரமும் செய்தால் ஆர் பாப்பினம்?”

இந்தக் கப்டன் யாரென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஊரில் மின்சாரம் இருந்த காலத்தில், தம்பிராசாவின் தமையன் ஜேர்மனியிலிருந்து ரி.வி.யில் பூட்டி விளையாடும் பெட்டியொன்றும் இரண்டு விளையாட்டுகளும் அனுப்பியிருந்தான். இரண்டிலும் வீரன் ஒருவனே. விண்கப்பலோட்டும் கப்டன் நொவார். முதலாம் பாகத்தில் சனிக்கிரகத்தின் வளையங்களுக்குள் எதிரிகளை ஓட ஓடத் துரத்தினான். இரண்டாம் பாகத்தின் முடிவில், மூச்சுக்காற்றுத் தீருகிற தறுவாயில், பனிச் சந்திரனிலிருந்த கறுப்புக் கதவுக்குள் நுழைந்தான். கதவு மூடியது. ‘தொடரும்’ என்று திரையில் விழுந்தது.

அந்தக் கிழமையே ஊருக்கு மின்சாரமும் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வருடமாகத் தம்பிராசாவின் மனைவி அந்த ரி.வி.யின் மேல் ஊறுகாய்ப் போத்தல் வைத்து வருகிறாள். கதவுக்கு அப்பால் கப்டனுக்கு என்ன நடந்தது, மூன்றாம் பாகம் எப்படி வரப்போகிறது என்ற கதை மட்டும் ஓயவேயில்லை. சண்டையால் பாதை பூட்டிய ஊரில் பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு இருந்ததே தவிர, ஊகத்துக்கு ஒரு தட்டுப்பாடும் இருக்கவில்லை.

“ஆர் தம்பி தண்ணிக்குள்ளாலை வருவினம்?”

குரல் கேட்டு நமசிவாயம் திரும்பினான். மூட்டையிலிருந்து இறங்கினானா விழுந்தானா என்று பக்கத்தில் நின்ற தம்பிராசாவுக்கே விளங்கவில்லை.

அவன் பயந்ததற்குக் காரணமிருந்தது. முப்பத்திநாலு வயது. இதற்கு முதல் இணுவிலில் பேசி வந்த சம்பந்தம், மாப்பிள்ளை பெண் வீட்டில் போயிருந்து கறுப்புக் கதவைப் பற்றி ஒரு மணித்தியாலம் விளக்கியதால் குழம்பிப்போனது. அருளம்பலம் வீட்டுத் தொண்டைமானாற்றுச் சம்பந்தம் தானாக வந்த அன்றே அவனுடைய அக்கா கமலாவதி விரலை நீட்டிச் சொல்லிவிட்டாள். “அவர் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர். மரியாதையான மனிசன். அந்த ரி.வி. விளையாட்டுக் கதையை அங்கை எடுத்தியோ, இந்த வீட்டிலை உனக்குச் சோறில்லை.”

“அது... நாட்டு நிலைமையைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு, ஐயா” என்றான் நமசிவாயம்.

அருளம்பலம் அவனைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தம்பிராசாவைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி, சிரித்தே பழகாத முகம்.

“கப்டன் எண்டு ஆரையோ சொன்னியள்?”

“அவர் ஒரு முக்கியமான ஆள். வெளியிலை பேர் சொல்லக்கூடாது.”

“ஓம், ஓம். சொல்லக்கூடாதுதான்” என்று தணிந்த குரலில் சொன்ன அருளம்பலம், வெறும் பெட்டியொன்றை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “அப்ப மூண்டாவது கட்டாயம் வருமெண்டு சொல்லுறியள்?”

நமசிவாயம் தலையாட்டினான். “வரும், ஐயா.”

“நல்லது” என்றார் அவர். அவர் முகத்தில் அன்று தெரிந்த மகிழ்ச்சியை நமசிவாயம் தைரியம் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அருளம்பலம் ஒருநாள் விட்டு ஒருநாள் தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிள் மிதித்து வரத் தொடங்கினார். ஐயா என்பதை விட்டு மாமா என்று கூப்பிடச் சொன்னார். வந்தால் கலியாணக் கதை இல்லை, சீதனக் கதை இல்லை.

“மூண்டாவதிலை ஆயுதம் புதுசாய் ஏதும் வருமோ, தம்பி?”

“வரும், மாமா.”

“சத்தம்? உண்மையான சத்தம் மாதிரியே இருக்குமோ?”

“முந்தியிலும் பார்க்கப் பயங்கரமாய் இருக்கும்.”

அருளம்பலம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். “ரெண்டு பேர் சேர்ந்து இறங்கக்கூடிய மாதிரி வர வாய்ப்பிருக்கோ?”

ஏதோ கூட்டுப்படையைச் சொல்கிறார் என்று நினைத்த நமசிவாயம், “அதுக்கும் இடமிருக்கு, மாமா” என்றான். உள்ளே கப்டனையும் அவன் கப்பலையும் நினைத்துக்கொண்டு வெளியே நாட்டு நிலைமை போலப் பேசுவதற்கு அவனுக்கு இப்போது நன்றாகவே வந்துவிட்டது. மாமனாரோ கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பார். “மாப்பிள்ளை ஆழமான ஆள்” என்று அக்காவிடமும் சொல்லிவிட்டுப் போனார். கமலாவதி அன்று தம்பிக்கு முட்டை பொரித்துப் போட்டாள்.

தொல்லை சங்கக்கடைக் கியூவிலிருந்து தொடங்கியது. மண்ணெண்ணெய்க்கு நின்ற சனத்துக்கும் காதிருந்தது.

ஒரு காலை மீன் வியாபாரி கிறகோரி கூடையோடு ஓடிவந்தான். “மனேச்சர் ஐயா, தண்ணிப் பக்கத்தாலை வரப்போறாங்களாமே! தொண்டைமானாற்றிலை பாதி வள்ளத்தைக் கரைக்கு இழுத்துப்போட்டாங்கள். இண்டைக்குக் கூடையிலை பத்து நெத்தலி. எனக்கொரு வழி சொல்லுங்கோ.”

நமசிவாயம் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். தன் வாயால் ஒரு கரையே மீன் இல்லாமல் கிடக்கிறது. “ஐயோ, தண்ணிப் பக்கமில்லை கிறகோரி! நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். வள்ளத்தை இறக்கச் சொல்லு.”

“அப்ப எந்தப் பக்கம்?”

எந்தப் பக்கமுமில்லை என்று அவன் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அருளம்பலத்தின் சைக்கிள் அப்போதுதான் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ஒருவர் எந்தப் பக்கமுமில்லை என்று சொல்வாரா?

“வானத்தாலை” என்றான்.

பக்கத்துக் கடையிலிருந்து தம்பிராசா கைதட்டினான். “அப்பிடி வா வழிக்கு! நான் அண்டைக்கே சொன்னனானெல்லே!”

கடலுக்கு வள்ளங்கள் இறங்கின. ஆனால் அடுத்த நாள் கரவெட்டி முழுக்க மண்வெட்டிச் சத்தம். தூர்ந்து கிடந்த பதுங்குகுழிகளைச் சனம் மறுபடி தோண்டியது. கமலாவதியும் தம்பியின் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தாள்.

“அக்கா, ஒண்டும் வராது.”

“வருமெண்டு சொன்னதே நீதானாமடா! வெட்டு!”

மிளகாய்ப் பாத்தியின் குறுக்கே, தான் கிளப்பிய புரளிக்குத் தானே குழி வெட்டினான் நமசிவாயம். கையில் கொப்புளம் போட்டது. சங்கக்கடையில் சவுக்காரம் முடிந்தது, நெருப்புப்பெட்டி முடிந்தது, யாருமே வாங்காமல் கிடந்த பழைய ஊதுவத்திகூட முடிந்தது. எல்லாரும் அவனைப் பயத்தோடும் மரியாதையோடும் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

“உந்தப் புரளியை நிப்பாட்டவேணும்” என்றான் தம்பிராசாவிடம்.

“ஒரேயொரு வழிதான் இருக்கு மச்சான். கப்டனை முடிச்சு விடு. நடத்த ஆளில்லையெண்டால் மூண்டாவது எப்பிடி வரும்? சனம் பேசாமல் தன்ரை வேலையைப் பாக்கும்.”

நமசிவாயம் அதிர்ந்துபோனான். “கப்டனையோ?”

“சும்மா சொல்லத்தானே சொல்லுறன். உண்மையிலை அவர் கதவுக்கு அங்காலை சுகமாய் இருப்பார்.”

அன்று பின்னேரம் கியூ முழுக்கக் கேட்கும்படி, மாமனார் பெட்டியில் அமர்ந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தபோது, நமசிவாயம் தொண்டையைச் செருமினான்.

“மாமா, ஒரு முடிவான செய்தி. கப்டன் செத்திட்டான். மூண்டாவது இனி வராது.”

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். கியூவில் நின்றவர்கள் ‘அப்பாடா’ என்றார்கள். ஒரு கிழவர் வாங்கிய மண்ணெண்ணெயில் பாதியைத் திருப்பி எடுப்பீர்களா என்றுகூடக் கேட்டார்.

அருளம்பலத்தின் கையிலிருந்த கோப்பை மட்டும் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“செத்திட்டானோ? ஆர் சொன்னது?”

“என்ரை சொந்த ஆய்வு, மாமா. கதவு மூடினால் மூடினதுதான். காத்து இல்லாத இடத்திலை எவ்வளவு நேரம் தாங்குவான்?”

அருளம்பலம் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மிதிக்காமல், உருட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் ஆள் வந்தது. கலியாணத்தைத் தள்ளிவைக்கிறார்களாம். எது வரைக்கும் என்று சொல்லவில்லையாம்.

கமலாவதி தலையில் கைவைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் இருந்துவிட்டாள். “பாவி, என்னடா சொன்னனீ அந்த மனிசனுக்கு?”

“சண்டை வராதெண்டு சொன்னனான், அக்கா.”

“அதுக்கு ஆரும் கோவிப்பினமோ?”

நமசிவாயத்துக்கும் அதுதான் விளங்கவில்லை. வருமென்றபோது சந்தோசப்பட்டவர், வராது என்றதும் இடிந்துபோனார். படுத்துப் புரண்டு யோசித்ததில் ஒன்றுதான் தெளிந்தது. நாளுக்கொரு கதை சொல்கிற புழுகனுக்கு எவர் பெண் கொடுப்பார்? செல்வநாயகியை அவன் இரண்டே தரம்தான் கண்டிருந்தான். இரண்டாம் தரம் அவள் தேத்தண்ணித் தட்டை நீட்டியபடி, அவனுக்கு மட்டும் தெரிய, மெல்லச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பை ஒரு பொய்க்காக விட்டுவிட அவனுக்கு மனமில்லை. விளையாட்டுப் பிள்ளை என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான்.

வெயில் ஏறுமுன் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சேர்ந்தான். செல்வச்சந்நிதிப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படலையைத் திறந்தான்.

அருளம்பலம் விறாந்தையில் சாய்வுக் கதிரையில் கிடந்தார். சவரம் செய்யாத முகம். அவனைக் கண்டதும் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே கதவு நிலையோடு செல்வநாயகியின் சேலைத் தலைப்புத் தெரிந்தது.

“மாமா, நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லவேணும்.”

அருளம்பலம் வேலியைப் பார்த்தபடியே கிடந்தார்.

“நான் ஆய்வாளன் இல்லை. எனக்கு நாட்டு நிலைமை ஒண்டும் தெரியாது. நான் கதைச்சதெல்லாம் ஒரு ரி.வி. விளையாட்டைப் பற்றி. கப்டன் எண்டது அதிலை வாற ஆள். நீங்கள் என்னைச் சின்னப்பிள்ளை எண்டு நினைச்சிடுவியளெண்ட பயத்திலை மறைச்சுப்போட்டன்.”

அருளம்பலம் மெல்லத் தலையைத் திருப்பினார். கண்ணில் ஏதோ ஒரு எதிர்பார்ப்புத் தெரிந்தது. அதைக் கண்டு உற்சாகமடைந்த நமசிவாயம் இன்னும் ஒரு படி மேலே போனான்.

“அவன் வெறும் பொம்மை, மாமா! ரி.வி.க்குள்ளை ஓடித்திரியிற ஒரு சின்னப் பொம்மை. இருந்தாலென்ன, செத்தாலென்ன? அதுக்காக ஆரும் ஒரு நல்ல காரியத்தைத் தள்ளி வைப்பினமோ?”

எதிர்பார்ப்பு அணைந்துபோனது. அருளம்பலம் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நமசிவாயம் அப்படியே நின்றான். எல்லாம் முடிந்துவிட்டது. செருப்பைத் தேடிக் காலில் மாட்டியபோது, இதுவரை அவனோடு நாலு வார்த்தைகூடப் பேசியிராத மாமியார் சிவக்கொழுந்து கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தார்.

“எங்கை தம்பி வெளிக்கிட்டிட்டியள்?”

“போட்டு வாறன் மாமி. மாமா என்னை வெறுத்துப்போட்டார். அவரிலை பிழையில்லை. விளையாட்டுக் கதை கதைச்சுத் திரியிற ஆளுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?”

சிவக்கொழுந்து சாத்திய கதவை ஒருதரம் பார்த்தார். பெருமூச்சொன்று விட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உந்த மனிசன் கொழும்பிலை மூத்தவள் வீட்டிலை ஒரு வருசம் நிண்டு, ரெண்டு பாகத்தையும் விடிய விடிய விளையாடி முடிச்சுப்போட்டு வந்தவர் தம்பி, மூண்டாவதைப் பற்றிக் கதைக்க ஊரிலை ஒருத்தருமில்லையெண்டு அலைஞ்சவர், சைக்கிளுக்கு ஒட்டுப்போடப் போன இடத்திலை உங்கடை கதையைக் கேட்டுப்போட்டு வந்துதான் இந்தச் சம்பந்தத்தையே பேசினவர், அதாலை கதவடியிலை நிண்டு கப்டன் உயிரோடை இருக்கிறான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, நான் ஐயரிட்டை நாள் கேக்கிறன்!”